சர் ஆர்தர் காட்டன்

அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் செல்வோர் அணைக்கரையிற் கொள்ளிடத்தைக் கடப்பர். அங்கு நிற்கும் கீழணையைச் சமைத்தவர் சர் ஆர்தர் காட்டன். 1803-ம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த இவர், 1821-ல் கம்பெனியின் எஞ்சினீயராய்ச் சென்னைக்கு வந்தார்.

அக்காலத்திற் காவிரியின் வாய் மணலால் மேடிட, நீரிற் பெரும்பகுதி கொள்ளிடத்தில் ஓடிற்று. தஞ்சை வயல்கள் வாடின. காட்டன் உடனே கல்லடுக்க முற்பட்டிலர். ஆற்றின் போக்கை ஆராய்ந்து, குறையின் காரணத்தை முதலில் தெளிந்தார். ஆழங்காணா மணலில் அஸ்திவாரமிடும் வகையைக் கல்லணை கட்டிய பண்டைத் தமிழரின் வேலையிலிருந்தே கற்றார். அக்கடனைப் பிற்காலத்தில் மறையாது ஒப்புக்கொண்டார். 1836-ல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையிற் கீழணையும் எழுந்தன.

பின்னர்ப் பஞ்சத்தால் நலிந்த கோதாவரி நாட்டைக் கண்டு, நோயும் மருந்தும் செலவும் பயனும் முறையே விளங்க 1844-ல் அரசினர்க்கு அறிக்கை விடுத்தார். அவ்வறிக்கையே பொக்கிஷத்தைத் திறந்தது. 1847-ல் தொடங்கிய தவளேசுவரம் அணை 1852-ல் முற்றுப்பெற்றது. அவர்கீழ்ப் பணிசெய்த இளம் எஞ்சினீயர்களுக்கு அதுவே கல்லூரியாயிற்று. 1899-ல் காட்டன் தேவனடி சேர்ந்தார்.

எஞ்சினீயராக விழையும் தோழர்காள்! ஏட்டில் ஒழுங்குபெறாத எண்ணம் ஆற்றில் அணையாகாது.