வாள் போயிற்று, உளி நின்றது

யப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் இடையே கைக்குக் காவலாய் அமையும் தகட்டைச் ‘சுபா’ என்பர். 1828 இல் கியோத்தோ நகரிற் பிறந்த கானோ நட்சுவோ, வாள்வணிகர் குடும்பத்தில் வளர்ப்பு மகனாய்ப் புகுந்து, அத்தகட்டில் மலரும் மீனும் உயிர்பெறச் செதுக்கும் வல்லுநரானார். புதிய அரசின் நாணயங்களுக்குப் பறவைநாக உருவம் பொறித்தவரும் அவரே.

1876 இல் பொதுமக்கள் வாள் தரித்தல் தடைசெய்யப்பட்டது. கம்மியர் பலர் பிழைப்பிழந்தனர். நட்சுவோவோ உளியைக் கீழே வைத்தாரல்லர். வாளணியிற் பயின்ற நுட்பத்தைப் பூச்சாடி முதலிய கலன்களுக்கு மாற்றினார். 1890 இல் தோக்கியோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து, அவ்வித்தையை இளைஞர்க்கு ஈந்தார். 1898 இல் மறைந்தார். பொருளின் தேவை ஒழியினும் கைத்திறன் ஒழியவேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.