மாட்டின் தோல் கட்டியும் விவசாயி மகன் விர்ச்சோவும்

விவசாயிகளே, உங்கள் மாட்டின் தோலில் கட்டி ஒன்று தென்பட்டால் என்ன செய்வீர்கள்? முடியால் இறுக்கிக் கட்டுவோரும் உண்டு, சூடு போடுவோரும் உண்டு. ஆனால் அது மருவா, சீழ்க்கட்டியா, புற்றா என்பதை வெறும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. கட்டியின் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு விவசாயியின் மகன்.

ருடால்ஃப் விர்ச்சோ 1821 அக்டோபர் 13 அன்று, இன்று போலந்தில் உள்ள ஷிவெல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1843-ல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1848-ல் சிலேசியா பகுதியில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அதை ஆராய அரசு அவரை அனுப்பியது. ஏழை மக்களின் பட்டினியும் கல்வியின்மையுமே நோய்க்கு வழிவிட்டன என்று அவர் துணிந்து எழுதினார்.

உடலின் ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே பிறக்கிறது, நோயும் செல்லில்தான் தொடங்குகிறது என்பதை 1858-ல் வெளியான தம் நூலில் விளக்கினார். மனித மருத்துவத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் இடையே கோடு கிழிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பன்றி இறைச்சி வழியே பரவும் புழு நோயைத் தடுக்க, இறைச்சிப் பரிசோதனை வேண்டும் என்றும் போராடினார்.

இத்தகைய மேதைக்கும் ஒரு சோதனை வந்தது. 1887-ல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் தொண்டைக் கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை அவரிடம் கொடுத்தார்கள். அவற்றில் புற்று தெரியவில்லை. மறு ஆண்டு அரியணை ஏறிய பிரெடரிக், 99 நாட்களில் தொண்டைப் புற்றால் இறந்தார். விர்ச்சோ 1902 செப்டம்பர் 5 அன்று காலமானார்.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு. மேலாகக் கிள்ளிய சிறு துண்டு ஏமாற்றிவிடலாம். எனவே கட்டியை நீங்களே அறுக்காதீர்கள். கால்நடை மருத்துவர் கட்டியின் ஓரத்தில், நல்ல தோலும் சேர்த்து, ஆழமாகத் துண்டு எடுப்பார். அதைப் போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். முதல் துண்டில் தெளிவு கிடைக்காமல், கட்டியும் வளர்ந்துகொண்டே போனால், மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இளம் மாடுகளுக்கு வைரஸால் வரும் மரு பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிரும். வேகமாக வளரும் கட்டி, ரத்தம் கசியும் ஆறாத புண், கண் இமையிலோ கொம்பின் அடியிலோ வரும் வளர்ச்சி ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு உடலெங்கும் கட்டிகள் எழுந்தால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம். உடனே மாட்டைத் தனியே கட்டி மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

புதுச்சேரி கதிர்காமம் பகுதியில் மாடு வளர்ப்போருக்கு, பக்கத்துக் குரும்பாபேட்டிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே மாட்டைக் காட்டுங்கள்.