வள்ளல் அழகப்பர்

கடலுக்கும் கடனீரேரிக்கும் இடைப்பட்ட நம் பளைப் பகுதியில் இரும்பின் ஆயுள் குறுகியது. உப்புக் காற்றுப் பட்ட கூரைத் தகரமும் கிணற்றுக் கப்பியும் விரைவில் துருவேறுவதை நாம் அறிவோம். இத்துருவை ஆராயும் நிலையமொன்றுக்குத் தம் நிலத்தையும் பொருளையும் ஈந்த தமிழ்ப் பெருமகன் ஒருவரை நம் மாணவர் அறிதல் நன்று.

அழகப்பச் செட்டியார் 1909 ஏப்பிரல் 6 ஆந் திகதி காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்று, இலண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் பயின்றார். துணியாலை முதலிய தொழில்களால் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கே வழங்கினார். தாம் பெற்ற சேர் பட்டத்தை இந்தியா விடுதலை பெற்றதும் துறந்தார். 1947 இற் காரைக்குடியிற் கல்லூரி நிறுவினார்.

இந்திய அரசு தேசிய ஆய்வுகூடங்களை அமைக்க முற்பட்டபோது, 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாவும் அளித்து மின்னிரசாயன ஆராய்ச்சி நிலையத்தைத் தம் ஊர்ப்புறத்துக்குக் கொணர்ந்தார். 1948 யூலை 25 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

இரும்போடு நீரும் ஒட்சிசனும் சேர்வதால் நிகழும் மின்னிரசாயன மாற்றமே துரு. உப்பு அதனை விரைவாக்கும். ஆதலின் நீரை அண்டவிடாத பூச்சு வேண்டும். தாமரையிலையிற்போல உலோகத்திலும் நீர்த்துளியை உருளச் செய்தல் இயலும். அத்தன்மையை நிலைக்கச் செய்தலே அரிது. வெயிலும் உராய்வும் பூச்சைக் குலைக்கும். ஊசிமுனையளவு துளை விழினும் நீர் உட்புகுந்து, பூச்சின் அடியிலேயே துரு படரும். துருவும் எண்ணெய்ப் பசையும் நீங்கத் துப்புரவாக்கிய பரப்பிலேயே பூச்சு நன்கு பற்றும். இவற்றை ஆய்வுகூடத்தினுள் மட்டும் சோதித்தல் போதாது. கடற்காற்றிலே நெடுங்காலம் வைத்துப் பார்த்தல் வேண்டும். அதன்பொருட்டு இந்நிலையத்தார் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்திற் சோதனை நிலையம் அமைத்தனர். அக்கரை வெயிலிலும் உப்பிலும் தேறிய பூச்சு இக்கரை இரும்புக்கும் உதவும்.

1956 இல் பத்மபூஷண் விருது பெற்ற அழகப்பர், 1957 ஏப்பிரல் 5 இல், நாற்பத்தெட்டு வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் மறைந்தார். நிலையம் திறந்தபின் நான்கு ஆண்டுகளே அவர் வாழ்ந்தார். ஆராய்ச்சியின் பெரும்பயனை அவர் கண்டிலர், பின்வந்தோர் கண்டனர்.

கல்விக்கு ஈவோர் பலர். பயன் காணப் பல்லாண்டு செல்லும் ஆராய்ச்சிக்கு ஈவோர் சிலரே. நம் பழைய மாணவர் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு ஒரு கருவியேனும் உதவுவராயின், அவ்வள்ளலின் வழியில் நடந்தவராவர்.