ஆறு புள்ளிகள் தந்த அறிவொளி

கண்ணொளி இழந்தோர் கல்வி பெறுதல் கூடுமோ என்று உலகம் ஐயுற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த ஐயத்தை இளம் வயதிலேயே தகர்த்தெறிந்த பெருந்தகை லூயி பிரெயில். பார்வையற்ற மாணவனாகிய நான் இன்று தமிழிலக்கிய வகுப்பில் அமர்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு அன்னாரே முதற் காரணம். அவர்தம் வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுதுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

இளமையும் இழப்பும்

பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதுக் குழந்தையாகப் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தபோது, தோல் துளைக்கும் கூரிய கருவி ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் இருண்டன. ஆயினும் பெற்றோர் மனந்தளரவில்லை. மற்றப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கே அனுப்பினர். 1819இல் பாரிசு நகரின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கிருந்த நூல்களில் சாதாரண எழுத்துகளே புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. அவை பெருஞ்சுமை, படிக்க நெடுநேரம் ஆகும். எழுதவோ வழியே இல்லை.

பன்னிரண்டு ஆறாயிற்று

படைத்துறையில் பணியாற்றிய சார்ல் பார்பியே என்பவர், ஒலிகளைப் புடைப்புப் புள்ளிகளால் குறிக்கும் முறையொன்றை அப்பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார். ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. விரல் நுனிக்குள் அவை அடங்கவில்லை. எழுத்துக்கூட்டும் முறைக்கும் அதில் இடமில்லை. லூயி அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறிலிருந்து 63 குறிகள் பிறந்தன. 1824இல் இம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து! 1829இல் அதனை நூலாக வெளியிட்டார்.

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். தேவாலயங்களில் ஆர்கன் இசைத்தார். பார்வையுள்ளோர் பிரெயிலைப் படிக்க இயலாதே என்று எண்ணி, சாதாரண எழுத்து வடிவங்களையே புள்ளிகளால் அமைக்கும் வேறொரு முறையை 1839இல் வெளியிட்டார். அம்முறையில் விரைந்து எழுத, பார்வையற்றவரான பியேர் ஃபூக்கோ ஒரு பொறியை உருவாக்கினார். தமக்குள் படிக்க ஆறு புள்ளி. பிறருக்கு மடல் எழுத அப்பொறி. ஒன்றுக்காக மற்றொன்றை லூயி கைவிடவில்லை.

காசநோய் அவரை வாட்டியது. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 43ஆம் வயதில் மறைந்தார். அவர் முறையைப் பிரான்சு முறையாக ஏற்றது 1854இல்தான். 1952இல் அவரது உடல் பாரிசின் பாந்தியன் மண்டபத்தில் வைக்கப்பட்டது.

இன்றைய மாணவர்க்கு

கைலாசபுரத்தில் எங்கள் இல்லத்தில் ஒரு விவாதம் நடந்தது. கொதிகலன் ஆலையில் பணிபுரியும் என் தந்தையார், எனக்குப் பிரெயில் குறிப்புக் கருவி வாங்குவதா, மடிக்கணினி வாங்குவதா என்று கேட்டார். குறிப்புக் கருவியில் சிறு ஊசிகள் எழுந்து தாழ்ந்து, விரலடியில் எழுத்தாகின்றன. அதன் விலையோ மடிக்கணினியைப் போலப் பல மடங்கு. மடிக்கணினியில் என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் திரையைப் படித்துச் சொல்கிறது. பேராசிரியர்க்குக் கட்டுரை அனுப்பவும் அதுவே எளிது.

ஆனால் செவிக்கு ஒரு குறை உண்டு. முந்நாளும் முன்னாளும் காதில் ஒன்றே. அரமும் அறமும் பலர் நாவில் ஒன்றே. 1951இல் அமைந்த பாரதி பிரெயிலில் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன; விரல் ஏமாறுவதில்லை. கேட்டு மட்டுமே கற்பவன் தமிழைப் பிழையின்றி எழுதுவது அரிது.

ஆகவே மடிக்கணினியை வாங்கினோம். பிரெயில் பலகையையும் எழுத்தாணியையும் நான் விடவில்லை. கணினியோடு இணையும் சிறிய பிரெயில் திரைகள், குறிப்புக் கருவியினும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. நம் நூலகத்தில் அத்தகைய ஒன்று இடம்பெறுமானால், பின்வரும் பார்வையற்ற மாணவர் எவரும் செவியா விரலா என்று ஒன்றைத் துறக்க வேண்டியதில்லை. லூயிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.

வாழ்க அன்னார் புகழ்!