அழுவதால்தான் சோகம் வருகிறதா? வில்லியம் ஜேம்ஸ் யார், என்ன சொன்னார்?

அமெரிக்க உளவியலின் தந்தை என்று அழைக்கப்படும் வில்லியம் ஜேம்ஸ், இருபதுகளில் தற்கொலை எண்ணம் வரை போய் மீண்டவர். ‘மூட் அவுட்’ என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் விஷயமல்ல அது.

1842-ல் நியூயார்க்கில் வசதியான வீட்டில் பிறந்தார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பி. ஓவியம் கற்றார், விட்டார். வேதியியலில் சேர்ந்தார், அதையும் விட்டார். 1865-ல் ஓர் ஆய்வுக்குழுவோடு பிரேசிலுக்குப் போய், அங்கே அம்மை போட்டுப் படுத்தார். 1869-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கியும் டாக்டராக வேலை பார்க்கவே இல்லை. வேலை இல்லை, முதுகுவலி, கண்ணில் கோளாறு, அப்பா வீட்டில் வாசம். அந்த நிலைமை இன்று பலருக்கும் புரியும்.

ஒரு நாள் மாலை இருட்டிய அறைக்குள் போனபோது, மனநலக் காப்பகத்தில் பார்த்த ஓர் இளைஞனின் உருவம் திடீரென மனதில் வந்தது. அசையாமல் உட்கார்ந்தே இருக்கும் நோயாளி. நாமும் இப்படி ஆகிவிடலாமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. பல மாதங்கள் இருட்டில் தனியாகப் போகவே பயந்தார். 1902-ல் வந்த புத்தகத்தில் இதை யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் அனுபவம் போல எழுதினார். அது தன் கதைதான் என்று பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்புக்கொண்டார். பேராசிரியருக்கே மனச்சோர்வை வெளியே சொல்லக் கூச்சம்!

1870 ஏப்ரலில் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனூவியேயைப் படித்த பிறகு, மனிதனுக்குச் சுதந்திர விருப்பம் உண்டு என்று நம்பிப் பார்ப்பதென முடிவெடுத்தார். உடனே சரியாகிவிடவில்லை. ஹார்வர்டில் பாடம் நடத்தத் தொடங்கி, 1878-ல் திருமணம் ஆன பிறகுதான் ஓரளவு நிலைக்கு வந்தார். அந்த வருஷமே ஒரு உளவியல் புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டார். இரண்டே வருஷத்தில் முடிப்பதாகப் பேச்சு. வெளிவந்தது 1890-ல்!

1884-ல் அவர் சொன்ன யோசனைதான் இன்றும் பேசப்படுகிறது. கரடியைப் பார்த்துப் பயப்படுவதால் ஓடுகிறோம் என்றுதானே நினைக்கிறோம்? ஜேம்ஸ் தலைகீழாகச் சொன்னார். உடம்பு முதலில் ஓடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அதை உணர்வதுதான் பயம். டென்மார்க்கின் கார்ல் லாங்கேயும் அடுத்த வருஷம் கிட்டத்தட்ட இதையே சொன்னார்.

1927-ல் வால்ட்டர் கேனன் இதைக் கடுமையாக மறுத்தார். கோபம், பயம் இரண்டிலும் இதயம் ஒரே மாதிரிதான் துடிக்கிறது, பிறகு எப்படி வேறுபடும் என்பது அவர் கேள்வி. சிரித்தால் மனம் லேசாகுமா என்று 19 நாடுகளில் சோதித்து 2022-ல் வெளிவந்த ஆய்வில் விளைவு இருந்தது, ஆனால் சின்னது. மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘சும்மா சிரிங்க, சரியாயிடும்’ என்று சொல்ல இது போதாது.

ஜேம்ஸே அப்படிச் சொல்லக்கூடியவர் அல்ல. இயல்பிலேயே உற்சாகமானவர்கள், வலியை ஆழமாக உணர்பவர்கள் என்று மனிதர்கள் வேறுபடுகிறார்கள் என்றார். இரண்டாமவர்கள் உலகத்தை முழுமையாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. எடின்பரோவில் இதைப் பேசியபோதே அவர் இதய நோயாளி. 1910 ஆகஸ்ட் 26-ல், நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள தன் கோடை வீட்டில் 68 வயதில் இறந்தார்.