வேதநூலை வாளாக்க மறுத்தவர்: லாஸ் காசாஸ்

மலாக்காவுக்குச் சுற்றுலா சென்ற மாணவர்களில் ஏ ஃபாமோசா கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. 1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலாக்காவைக் கைப்பற்றிய பிறகு போர்த்துகீசியத் தளபதி அல்ஃபோன்சோ டி அல்புகர்க் கட்டிய கோட்டை அது. தாக்குதலின்போது அவர் தம் வீரர்களிடம் இரண்டு காரணங்களை எடுத்துச் சொன்னதாகப் போர்த்துகீசியப் பதிவுகள் கூறுகின்றன. முஸ்லிம்களை அந்நகரிலிருந்து விரட்டுவது இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்பது ஒன்று. மலாக்கா கைக்கு வந்தால் நறுமணப் பொருள் வணிகம் கெய்ரோவுக்கும் மெக்காவுக்கும் போகாமல் தங்கள் வசமாகும் என்பது மற்றொன்று. இறைத்தொண்டும் வணிக ஆதாயமும் ஒரே உரையில் கைகோத்து நின்றன.

அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், உலகின் மறுபக்கத்தில், ஹிஸ்பானியோலா தீவின் சாந்தோ தோமிங்கோ நகரில் ஒரு துறவி தேவாலய மேடை ஏறினார். ஸ்பெயின் அப்போது ஆண்டுவந்த அந்தத் தீவில் இன்று ஹைத்தி, டொமினிகன் குடியரசு என்னும் இரு நாடுகள் உள்ளன. அந்தோனியோ தெ மொந்தெசீனோஸ் என்ற அந்தத் துறவி, ஆளுநரும் நிலக்கிழார்களும் எதிரில் அமர்ந்திருக்க, எந்த உரிமையில் இந்த மண்ணின் மக்களை அடிமைகளாக்கி வதைக்கிறீர்கள், அவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள். மன்னிப்புக் கேட்குமாறு நெருக்கினார்கள். அடுத்த ஞாயிறு அவர் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில் அத்தீவில் நிலமும் அடிமைகளும் வைத்திருந்தவர்களில் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற இளம் பாதிரியாரும் ஒருவர். துறவியின் பேச்சு அவரை அன்று மாற்றிவிடவில்லை. ஆனால், சமயத்தின் பெயரால் நடந்த போரை அதே சமயத்தின் பெயரால் எதிர்த்து நின்ற மனிதராக வரலாறு இன்று நினைவில் வைத்திருப்பது அவரைத்தான்.

கொலம்பஸின் நிழலில் வளர்ந்தவர்

லாஸ் காசாஸ் 1484ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, முதல் பயணத்திலிருந்து திரும்பிய கொலம்பஸ் அந்நகருக்கு வந்தார். தந்தை கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் சேர்ந்துகொண்டார். 1502ஆம் ஆண்டில் மகனும் கப்பல் ஏறினார்.

ஹிஸ்பானியோலாவில் என்கொமியெண்டா என்ற முறை நடைமுறையில் இருந்தது. ஒரு ஸ்பானியருக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பூர்வகுடி மக்கள் ஒப்படைக்கப்படுவார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துவ சமயத்தைக் கற்றுத்தருவது அவர் கடமை. பதிலுக்கு அவர்களின் உழைப்பை அவர் பெற்றுக்கொள்ளலாம். ஏட்டில் இது சமயக் கல்வி. நடைமுறையிலோ தங்கச் சுரங்கத்திலும் வயலிலும் சாகும்வரை வேலை. லாஸ் காசாஸும் இந்த முறையில் செல்வம் சேர்த்தார். பாதிரியாராகப் பட்டம் பெற்ற பிறகும் அதை விடவில்லை. அடிமை வைத்திருப்பதைக் காரணம் காட்டி ஒரு துறவி அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தபோது, எதிர்வாதம் செய்தாரே தவிர மனம் மாறவில்லை.

யாருக்கும் புரியாத அறிவிப்பு

மொந்தெசீனோஸின் பேச்சு ஸ்பெயின் அரசவை வரை எட்டியது. போருக்கு முறையான நியாயம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதன் விளைவாக, அரசவைச் சட்ட அறிஞர் ஒருவர் 1513 வாக்கில் ஓர் அறிவிப்பை எழுதினார். ரெக்கெரிமியெந்தோ என்பது அதன் பெயர். கோரிக்கை என்று பொருள் கொள்ளலாம்.

புதிய இடத்தில் இறங்கும் ஸ்பானியப் படை, தாக்குவதற்கு முன் இதை உரக்க வாசிக்க வேண்டும். கடவுள் உலகைப் படைத்தார்; திருச்சபையின் தலைமையைப் பேதுருவிடம் ஒப்படைத்தார்; பேதுருவின் வழிவந்த போப்பாண்டவர் இந்த நிலத்தை ஸ்பெயின் அரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்; ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு நன்மை; மறுத்தால் போர் தொடுப்போம், உங்களையும் மனைவி மக்களையும் அடிமையாக்குவோம், அதனால் நேரும் சாவுக்கும் இழப்புக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம்.

வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்டவர்களுக்கு அந்த மொழி தெரியாது. சில வேளைகளில் ஆளில்லாத குடிசைகளுக்கும் மரங்களுக்கும் முன்னால் வாசித்துவிட்டுப் படை முன்னேறியது. வாசித்தாயிற்று என்பதற்கு எழுத்தர் ஒருவர் சான்று எழுதிக்கொடுப்பார். இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தமக்குத் தெரியவில்லை என லாஸ் காசாஸ் பிற்காலத்தில் எழுதினார்.

மாணவர்களே, இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்த அறிவிப்பு எதிரிலிருந்த மக்களுக்காக எழுதப்பட்டதன்று. வாசித்தவர்களின் மனச்சாட்சியை அமைதிப்படுத்தவே எழுதப்பட்டது. கொலையின் பழியைக் கொல்லப்படுபவர் தலையிலேயே சுமத்துவதற்குச் சமய மொழி கைகொடுத்தது.

கண்ணால் கண்ட கொடுமை

1513இல் லாஸ் காசாஸ் கியூபாவைக் கைப்பற்றச் சென்ற படையில் பாதிரியாராக இருந்தார். கவோனாவ் என்ற ஊரில் மக்கள் மீனும் கிழங்கு ரொட்டியும் கொண்டுவந்து படையினரை வரவேற்றார்கள். திடீரென்று ஒரு வீரன் வாளை உருவினான். மற்றவர்களும் உருவினார்கள். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்ற வேறுபாடு இல்லாமல் வெட்டித் தள்ளினார்கள். தடுக்க முயன்ற பாதிரியாரால் சிலரை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

கியூபாவில் ஸ்பானியரை எதிர்த்த அத்துவேய் என்ற தலைவரின் முடிவையும் அவர் பதிவு செய்திருக்கிறார். உயிரோடு எரிப்பதற்காக அத்துவேயைக் கம்பத்தில் கட்டியபோது, ஞானஸ்நானம் பெற்றால் சொர்க்கம் போகலாம் என்று துறவி ஒருவர் சொன்னாராம். ஸ்பானியர்களும் அங்கேதான் போவார்களா என்று அவர் கேட்டார். நல்லவர்கள் போவார்கள் என்று பதில் வந்தது. அப்படியானால் தமக்கு நரகமே போதும் என்றார் அந்தத் தலைவர்.

இவ்வளவுக்குப் பிறகும், கியூபாவில் தமக்குப் பரிசாகக் கிடைத்த நிலத்தையும் ஆட்களையும் லாஸ் காசாஸ் ஏற்றுக்கொண்டார். இரக்கப்படுவது வேறு, இலாபத்தை விடுவது வேறு. அந்த இடைவெளியைக் கடக்க அவருக்கு மேலும் ஓராண்டு தேவைப்பட்டது.

1514ஆம் ஆண்டு, திருவிழா ஒன்றுக்குப் பிரசங்கம் தயாரிக்க வேதநூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழைகளிடமிருந்து பறித்ததைக் கடவுளுக்குக் காணிக்கையாக்குவதைக் கண்டிக்கும் பகுதி கண்ணில் பட்டது. உழைப்பவனின் கூலியைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்ற கருத்து அவரை உலுக்கியது. பல நாள் சிந்தித்தார். பிறகு தம்மிடம் இருந்த பூர்வகுடி மக்களை விடுவித்துவிட்டு, ஆகஸ்டு 15ஆம் நாள் அதை மேடையிலேயே அறிவித்தார். அவருக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை.

வெற்றியும் பிழையும்

அடுத்த ஐம்பது ஆண்டுகள் அவர் வாழ்வு இந்த ஒரே வழக்கில் கழிந்தது. கடலைப் பலமுறை கடந்து ஸ்பெயினுக்குப் போய் அரசர்களிடமும் அமைச்சர்களிடமும் வாதாடினார். 1516இல் பூர்வகுடி மக்களின் பாதுகாவலர் என்ற பதவி கிடைத்தது. இன்றைய வெனிசுவேலாக் கரையில் படை இல்லாத குடியேற்றம் ஒன்றை முயன்று தோற்றார். பிறகு டொமினிக்கன் சபையில் துறவியானார். குவாத்தமாலாவில் ஸ்பானியர்கள் போர் நிலம் என்று அழைத்த பகுதிக்குள் வீரர்கள் இல்லாமல் துறவிகளை மட்டும் அனுப்பும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பகுதிக்கு மெய்யமைதி என்று பொருள்படும் வெராபாஸ் என்ற பெயர் நிலைத்தது.

பூர்வகுடி மக்களை அடிமையாக்குவதைத் தடைசெய்யும் புதிய சட்டங்கள் 1542இல் வெளிவந்தன. அவற்றின் பின்னணியில் அவர் உழைப்பு பெரிது. ஆனால் குடியேறிகள் எதிர்த்தார்கள். பெருவில் கிளர்ச்சியே மூண்டது. அரசரின் பிரதிநிதி கொல்லப்பட்டார். முக்கியமான பிரிவு ஒன்றை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. மெக்சிக்கோவின் சியாப்பாஸ் பகுதிக்கு ஆயராகச் சென்ற லாஸ் காசாஸ், அடிமைகளை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்றார். முன்பு தமக்கு மறுக்கப்பட்டதையே இப்போது அவர் மற்றவர்களுக்கு மறுத்தார். மிரட்டல்கள் வந்தன. 1547இல் நிரந்தரமாக ஸ்பெயின் திரும்பினார்.

அவர் செய்த பெரும் பிழை ஒன்றையும் மறைக்கக்கூடாது. பூர்வகுடி மக்களின் சுமையைக் குறைப்பதற்காக, ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் அவரே பரிந்துரைத்தார். அதுவும் அதே அநீதி என்பதைப் பிறகு உணர்ந்து, தம் வரலாற்று நூலில் வருந்தி எழுதினார். ஒரு கூட்டத்தின் துயரத்தைக் கண்டவருக்கும் இன்னொரு கூட்டத்தின் துயரம் கண்ணில் படாமல் போகலாம்.

வல்லதோலித் விவாதம்

1550இல் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் வியப்பான ஓர் ஆணையைப் பிறப்பித்தார். இந்தப் போர்கள் நியாயமானவையா என்று அறிஞர்கள் முடிவு செய்யும்வரை புதிய படையெடுப்புகளை நிறுத்தச் சொன்னார். வல்லதோலித் நகரில் அறிஞர் குழு கூடியது.

போருக்கு ஆதரவாக வாதாடியவர் செப்புல்வேதா. அரிஸ்டாட்டிலின் நூல்களை மொழிபெயர்த்தவர். ஆனால் அமெரிக்க மண்ணை மிதிக்காதவர். அந்த மக்கள் இயல்பிலேயே அடிமைத்தனத்துக்கு உரியவர்கள், அவர்கள் சிலைகளை வணங்கி நரபலியும் கொடுக்கிறார்கள், பலியாகும் அப்பாவிகளைக் காக்க வேண்டும், முதலில் அடக்கினால்தான் சமயம் பரப்ப முடியும் என்று அவர் நான்கு காரணங்களை அடுக்கினார்.

லாஸ் காசாஸ் ஐந்து நாள் தம் ஏட்டை வாசித்தார். அந்த மக்களுக்கு நகரங்களும் சட்டங்களும் கலைகளும் இருப்பதை எடுத்துக்காட்டினார். சிலரைப் பலியிலிருந்து காக்கிறோம் என்று சொல்லிப் பல்லாயிரம் பேரைக் கொல்வது எந்த வகையில் காப்பாற்றுவது என்று கேட்டார். நம்பிக்கை மனம் இசைந்து வரவேண்டியது, வாளால் திணிக்கப்படுவதன்று என்றார். இருவரும் மேற்கோள் காட்டியது ஒரே வேதநூலை. இருவரும் வணங்கியது ஒரே கடவுளை.

விவாதம் 1551இலும் தொடர்ந்தது. நடுவர்கள் தீர்ப்பு எதையும் வெளியிடவில்லை. இருவருமே தாம் வென்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். லாஸ் காசாஸ் 1566இல் மட்ரிட் நகரில் காலமானார். 1573இல் வந்த புதிய விதிகள், படையெடுப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக அமைதிப்படுத்தல் என்று எழுதச் சொல்லின. சொல் மாறியது. நிலங்கள் மட்டும் உரியவர்களுக்குத் திரும்பவில்லை.

புத்தகத்துக்கு நேர்ந்த கதி

தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் 1552இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டிருந்தார். அதிலுள்ள எண்ணிக்கைகள் மிகைப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதினாலும், அழிவு நடந்ததை யாரும் மறுப்பதில்லை. ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்த டச்சுக்காரர்களின் மொழியில் 1578இலும், ஆங்கிலத்தில் 1583இலும் அந்நூல் வெளிவந்தது. ஸ்பெயின் கத்தோலிக்கர்களின் கொடுமைக்குச் சான்றாக அவர்கள் அதைக் காட்டினார்கள். 1655இல் கிராம்வெல்லின் இங்கிலாந்துப் படை ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பறித்தது. மறு ஆண்டே அந்த நூலின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு, கிராம்வெல்லுக்குக் காணிக்கையாக்கப்பட்டு வெளியானது. இங்கிலாந்தின் போர் கடவுளுக்கு உவப்பானது என்பதற்கு அது ஆதாரமாயிற்று. அந்த ஜமைக்காவில் பிறகு கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே உழைத்துச் செத்தார்கள்.

போரைக் கண்டிக்க எழுதிய நூல்கூட மற்றொரு போருக்கு நியாயமாகிவிட்டது. இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய கதையன்று. எந்தச் சமயத்தின் பெயரையும் ஆட்சியாளர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ள முடியும். வரலாற்றில் எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

எனவே, கடவுளின் பெயரால் ஒரு போரையோ அரசியல் முடிவையோ யாராவது நியாயப்படுத்தும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதனால் நிலமும் பொருளும் பதவியும் யாருக்குப் போகின்றன? பாதிக்கப்படுபவர்களுக்குப் புரியும் மொழியில் அது சொல்லப்பட்டதா, அவர்களின் பதிலைக் கேட்க யாராவது இருந்தார்களா? அதே சமயத்தின் அதே நூல் இதற்கு நேர்மாறாக என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விகள் லாஸ் காசாஸுக்கு எளிதில் வரவில்லை. மூன்றாவது கேள்விக்கு விடை அவர் கையிலிருந்த நூலிலேயே நெடுங்காலம் இருந்தது. முதல் கேள்விக்கு விடை தாமேதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த வரிகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.