அடிமைகளின் துணைவர் கிரான்வில் ஷார்ப்

கற்ற கல்வியைக் கொண்டு பொருளீட்டுவோர் பலர்; பிறர் துயர் துடைப்பதற்கென்றே ஒன்றைக் கற்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கிரான்வில் ஷார்ப் என்னும் ஆங்கிலப் பெரியார். அவர் முறையாகச் சட்டம் பயின்றவரல்லர்; வக்கீல் தொழில் நடத்தியவருமல்லர். ஆயினும், நிறத்தின் காரணமாக விலங்கிடப்பட்ட ஆப்பிரிக்க மக்களை, ஒரு காசும் ஊதியம் கருதாது, ஆங்கில நாட்டுச் சட்டத்தையே கேடயமாகக் கொண்டு காத்த பெருமை அவருக்குரியது.

ஷார்ப் 1735ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் டர்ஹாம் நகரிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் யார்க்கு நகரப் பேராயர். தந்தையார் திருச்சபையில் ஆர்ச்டீக்கன் பதவி வகித்தவர். மூத்த புதல்வர்களின் கல்விக்கே குடும்பப் பொருள் செலவாயினமையால், இவர் தம் பதினைந்தாம் வயதில் இலண்டனில் ஒரு துணி வணிகரிடம் தொழில் பழக விடப்பட்டார். அங்கே உடனுறைந்த ஒருவர் சமய வாதம் ஒன்றில், கிரேக்க மூலம் அறியாமையாலேயே ஷார்ப் பிழைபடுகின்றார் என்றார். ஷார்ப் சினங்கொள்ளவில்லை, கிரேக்கம் கற்றார். யூதர் ஒருவர் எபிரேயத்தைக் காட்டி அவ்வாறே கூற, எபிரேயமும் கற்றார். தம் அறியாமையைப் பிறர் சுட்டியவழி நாணி ஒதுங்காது, கற்றே அதனைத் தீர்க்கும் இவ்வியல்பு பின்னாளிற் பலருக்கு உயிர்த்துணையாயிற்று. 1758இல் அவர் படைத்தளவாட இலாகாவில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

அவருடைய தமையனார் வில்லியம் ஷார்ப், மின்சிங் சந்து என்னுமிடத்தில் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்துவந்த அறுவை மருத்துவர். 1765இல் ஒருநாள் அவ்வீட்டு வாயிலில் ஜோனதன் ஸ்ட்ராங் என்னும் கறுப்பின இளைஞன் நிற்கக் கண்டார் கிரான்வில். டேவிட் லைல் என்னும் எசமானன் கைத்துப்பாக்கியால் அவன் தலையில் அடித்து, கண்பார்வை மங்கி நடக்கவும் மாட்டாத நிலையில் தெருவில் துரத்திவிட்டிருந்தான். சகோதரர் இருவரும் அவனை மருத்துவசாலையிற் சேர்த்து, குணமடைந்தபின் வேலையும் தேடிக் கொடுத்தனர்.

இரண்டாண்டு கழிந்தது. உடல் தேறிய ஸ்ட்ராங்கைத் தெருவிற் கண்ட பழைய எசமானன், அவனைப் பிடித்துச் சிறையில் வைத்து, ஜமெய்க்கத் தோட்ட முதலாளி ஒருவருக்கு 30 பவுனுக்கு விற்றான். சிறையிலிருந்து ஸ்ட்ராங் எழுதிய கடிதம் ஷார்ப்பின் கைக்கு எட்டியபோது, அப்பெயர் அவர் நினைவிற்கு வரவில்லை. ஆயினும் அவர் அதனைப் புறக்கணியாது ஆள் அனுப்பி வினவினார். அப்பெயருடையார் ஒருவரும் இல்லையெனச் சிறைக்காவலர் மறுத்தனர். ஐயுற்ற ஷார்ப் தாமே சென்று அவனைக் கண்டார். 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இலண்டன் நகரத் தலைவர் முன்னிலையில் விசாரணை நடைபெறச் செய்தார். குற்றம் ஒன்றும் செய்யாதவனைச் சிறையிலிடல் தகாதென நகரத் தலைவர் அவனை விடுவித்தார். அக்கணமே கப்பல் தலைவன் ஒருவன் ஸ்ட்ராங்கின் கையைப் பற்ற, அது தாக்குதற் குற்றமாகுமென ஷார்ப் எச்சரித்ததும் அவன் கையை விட்டான்.

பிறர் உடைமையைக் கவர்ந்தாரென்று எதிரிகள் ஷார்ப் மீதே வழக்குத் தொடுத்தனர். அவர் அமர்த்திய வக்கீல்களோ, 1729இல் அரசாங்கச் சட்ட அதிகாரிகள் இருவர் அடிமை முறைக்குச் சார்பாக அளித்த கருத்தைக் காட்டி, வெல்லுதல் அரிதென்றனர். அதுவரை சட்டநூல் எதனையும் ஆராய்ந்தறியாத அவர், பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, ஓய்வு நேரங்களில் இரண்டாண்டு சட்டம் பயின்றார். தாம் கண்ட முடிபுகளைக் கையெழுத்துப் பிரதிகளாக வக்கீல்களிடையே பரப்பி, 1769இல் நூலாகவும் வெளியிட்டார். எதிரிகள் வழக்கை நடத்தத் துணியாது கைவிட்டனர்.

அதன்பின், கடத்தப்பட்டோரும் கடத்தப்பட இருந்தோரும் அவர் வீடு தேடி வரலாயினர். அவருள் ஒருவர் ஜேம்ஸ் சாமர்செட். எசமானனைவிட்டு நீங்கிய குற்றத்திற்காக 1771 நவம்பரில் பிடிக்கப்பட்டு, ஜமெய்க்கா செல்லும் கப்பலில் விலங்குடன் வைக்கப்பட்டவர் அவர். அவருடைய ஞானப்பெற்றோர் ஹேபியஸ் கார்ப்பஸ் என்னும் ஆட்கொணர் கட்டளை வேண்டி மன்றத்தை அணுகினர். விடுவிக்கப்பட்டு விசாரணைக்குக் காத்திருந்த சாமர்செட், 1772 ஜனவரி 13ஆம் நாள் ஷார்ப்பை நாடினார். அவர் பொருட்டு வக்கீல்கள் ஐவர் கட்டணமின்றி வாதாடினர். ஷார்ப்போ, தம் முகங்கண்டு தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு வெறுப்புறலாகாதெனக் கருதி, மன்றத்திற்கு வாராது வீட்டிலிருந்தே ஆதாரங்களைத் திரட்டியனுப்பினார். உதவியின் பயனை விரும்பி உதவியவன் பெயரை மறைக்கும் இப்பண்பு பெரிதும் போற்றத்தக்கது.

ஜூன் 22ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. அடிமை ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக நாட்டினின்றும் வெளியே கொண்டுசெல்ல ஆங்கிலச் சட்டம் இடந்தாராது என்பது அதன் சாரம். மன்றத்திலிருந்த கறுப்பின மக்கள் எழுந்து நீதிபதிகளை வணங்கி, ஒருவரையொருவர் கைகுலுக்கி மகிழ்ந்தனர். எனினும் உண்மையை மிகைப்படுத்தல் வேண்டா. அத்தீர்ப்பு அடிமை முறையை முற்றும் ஒழித்ததன்று. குடியேற்ற நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் விலங்கொலி ஓயவுமில்லை.

ஷார்ப் எப்பொழுதும் வென்றாருமல்லர். 1781இல் ஜாங் என்னும் கப்பலிலிருந்து அடிமைகள் 130க்கு மேற்பட்டோர் கடலில் எறியப்பட்டனர். உரிமையாளர் அவர்களைச் சரக்கெனக் கணக்கிட்டு இன்ஷூரன்ஸ் பணம் கோரினர். முன்னாள் அடிமையாகிய ஒலாடா எக்வியானோ 1783இல் இச்செய்தியைக் கொணர, இது காப்பீட்டு வழக்கன்று, கொலை வழக்கே என முறையிட்டார் ஷார்ப். எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அவர் திரட்டி வைத்த விவரங்கள் மக்களின் மனச்சாட்சியைப் பின்னர் உறுத்தின. 1787இல் அமைந்த அடிமை வாணிக ஒழிப்புக் குழுவிற்கு அவரே தலைவரானார்.

அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது தொடுத்த போருக்குத் தளவாடம் அனுப்ப மனமொவ்வாது, 1776இல் அவர் தம் உத்தியோகத்தைத் துறந்து சகோதரர் ஆதரவில் வாழ்ந்தார். 1807இல் அடிமை வாணிகம் சட்டத்தால் விலக்கப்பட்டதைக் கண்டார். 1813 ஜூலை 6ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியபோது அவர் உயிரோடில்லை.

மாணாக்கராகிய நாம் இச்சரித்திரத்தினின்றும் அறியத்தக்கது யாது? நினைவிலில்லாத ஒரு பெயரைத் தாங்கி வந்த கடிதத்தை அவர் கீழே எறிந்திருப்பின், ஸ்ட்ராங் கப்பலேறியிருப்பான். ஷார்ப்பும் சட்டநூலைத் திறந்திரார். நம் வாயிலுக்கும் அறிமுகமில்லாதார் வருவர். ஒரு மனு எழுதவோ, ஒரு கட்டளையின் பொருள் அறியவோ நம்மை வேண்டுவர். நாம் அறிந்திருப்பின் உதவுவோம். அறியோமாயின், அவர் பொருட்டே கற்போம்.